மரு வெச்ச பூசணியும் எங்க ஆயா பரண்ல வெச்ச பூசணியும்

ஓசூர்ல இருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு வர்றவர் ஒருத்தர் கேட்டிருக்கார். அக்டோபர் வந்தா வெளிநாட்டுல இருக்குற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கலர் கலரா, மரு மருவா, கழுத்து வளைஞ்ச பூசணி, சுரைக்காயெல்லாம் வாசப்படியில அடுக்கி போட்டோ போடுறாங்க, பெங்களூர் கடையில உள்ளங்கை சைஸ் காய் ஒன்னுக்கு 300 ரூபா சொல்றான், அதுல அப்படி என்ன இருக்கு, எங்களுக்கு ராயக்கோட்டை பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கு அங்க வளருமா, வளந்தா சமைச்சு திங்கலாமா. மூணு கேள்வி, கூடவே விதை இருந்தா குடுங்கன்னு ஒரு வேண்டுகோள். நான் பாலக்கோடு பக்கத்து ஆளு, பத்து பன்னெண்டு வருஷமா கொடிக்காய் விதை சேத்து வெக்கிற பைத்தியம், அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். அந்த காய்ங்களோட அழகு கலர்ல ஆரம்பிக்கலீங்க, தோல்ல ஆரம்பிக்குது. தக்காளி எவ்வளவு அழகா இருந்தாலும் அஞ்சு நாள்ல சுருங்கிடும், கத்திரிக்கா ரெண்டு நாள்ல வாடிடும், ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு போனீங்கன்னா அழுகிறதுக்குள்ள வித்துடணும்னு எல்லாரும் ஓடிட்டே இருப்பாங்க. பூசணி அப்படி இல்ல, நல்லா முத்தி பறிச்சா மூணு மாசம், நாலு மாசம், சிலது அதுக்கும் மேல அப்படியே உக்காந்திருக்கும். ஒரு காய நாம மாசக்கணக்குல உக்காந்து பாக்க முடியுதுன்னா அது இந்த கொடிக்காய் ஒன்னுதான். அதனாலதான் அதோட மரு, கோடு, திட்டு, வளைவு எல்லாம் நம்ம கண்ணுக்கு அழகா படுது, இல்லன்னா பொரியலாகி வயித்துக்குள்ள போயிருக்கும், யாரு உத்து பாக்கப்போறா.

ஏன் அந்த சீசன்லயே வருதுன்னா, குளிர் நாட்டுல மே மாசம் வரைக்கும் உறைபனி இருக்கும், அது விட்டப்புறம் விதை போடணும், இந்த கொடிக்கு பழம் முத்த கிட்டத்தட்ட 100 நாள் வேணும், திரும்ப செப்டம்பர் அக்டோபர்ல உறைபனி இறங்குறதுக்குள்ள பறிச்சாகணும், ஏன்னா கடுமையான உறைபனி பட்டா தோல் கெட்டு உள்ள அழுகிடும். அதனால ஊர்ல இருக்குற அத்தனை பூசணியும் ஒரே சமயத்துல கொல்லையில இருந்து வீட்டு வாசலுக்கு வருது. அப்ப மரத்துல இலையெல்லாம் பழுத்து கொட்டிட்டிருக்கும், வேற பூ அவ்வளவா இருக்காது, ஆரஞ்சும் மஞ்சளும் பழுப்பும் மேலயும் கீழயும் ஒரே நேரத்துல. இலை பழுத்தா மஞ்சளாகுறதும் பூசணி பழுத்தா ஆரஞ்சாகுறதும் ஒரே கதைதான், பச்சையம் விலகுனதும் கரோட்டினாய்டுங்குற நிறப்பொருள் வெளிய தெரியுது, இலையில அது ஏற்கனவே ஒளிஞ்சிருக்கு, காயில பழுக்க பழுக்க இன்னும் சேருது.

இதுல வேடிக்கை என்னன்னா, நமக்கு இலையுதிர் காலம்னு ஒன்னு கிடையாது ஆனா கணக்கு ஒத்துப்போகும். ஆடிப்பட்டத்துல ஊனுன பறங்கிக்கொடி ஐப்பசியிலதான் காய் முத்தும். அவங்க வாசல்ல பூசணி அடுக்குற அதே வாரத்துல நம்ம சந்தையிலயும் பூசணி குமிஞ்சிருக்கும், நாமதான் போட்டோ எடுக்குறதில்ல.

எங்க ஆயா ஆடில ஊனுறத ஐப்பசியில பறிச்சு, காம்பு ஒடையாம, வெயில்ல எட்டு பத்து நாள் காயவெச்சு, பரண்ல வைக்கோல் பரப்பி ஒன்னோட ஒன்னு ஒட்டாம அடுக்கும். காம்பு ஒடஞ்சத தனியா வெச்சு முதல்ல கொழம்புக்கு எடுத்துடும், ஏன்னா ஒடஞ்ச இடத்துல இருந்துதான் அழுகல் இறங்கும். தையில, மாசியில, களிக்கு தொட்டுக்க ஒன்னுமில்லாதப்ப பரண்ல இருந்து ஒன்னு இறங்கும், மொச்சக்கொட்டை போட்டு ஒரு கொழம்பு. அமெரிக்காவுல இதையே க்யூரிங்னு பேர் வெச்சு புத்தகத்துல எழுதி வெச்சிருக்கான், வெதுவெதுப்புல பத்து நாள் தோல கெட்டிப்படுத்து, காம்போட வை, ஒன்னோட ஒன்னு படாம வைன்னு. ஆயா எழுதல, அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, இப்ப பேரு. பறங்கிக்காய்ங்குற பேருலயே அதோட ஊரு இருக்கு. பறங்கின்னா வெள்ளக்காரன், முக்கியமா போர்ச்சுகீசியர், கடலூர் பக்கம் பறங்கிப்பேட்டைன்னு ஊரு இருக்கே அதே பறங்கிதான். இந்த இனம் மொத்தமும் அமெரிக்க கண்டத்துக்காரங்க, மெக்ஸிகோவுல ஒவஹாக்கா பக்கத்து குகையில கெடச்ச பூசணி விதைக்கு சுமார் 10,000 வயசுன்னு கணக்கு போட்டிருக்காங்க, அதாவது மக்காச்சோளத்துக்கும் முன்னாடி மனுஷன் அங்க பூசணிய வளத்துட்டான். கொலம்பஸ் போனதுக்கப்புறம்தான் மத்த கண்டத்துக்கெல்லாம் வந்துச்சு. நம்ம மாவட்டத்துல பேரு வீட்டுக்கு வீடு மாறும், சேலம் ஈரோடு பக்கத்து சொந்தம்னா அரசாணிக்காய், சில பேருக்கு சர்க்கரைப் பூசணி, தேன்கனிக்கோட்டையில கன்னட வீடுன்னா சிஹி கும்பள, தெலுங்கு வீடுன்னா கும்மடிக்காய். ஒரே சந்தையில நாலு பேரு கேட்டா நாலு பேரு, காய் ஒன்னு.

ஆனா உண்மையில காய் ஒன்னு இல்ல, இங்கதான் நெறைய பேரு குழம்புறாங்க. பூசணின்னு நாம சொல்றதுல முக்கியமா மூணு சாதி இருக்கு, பெப்போ, மேக்ஸிமா, மொஸ்கேட்டா. எதுன்னு கண்டுபிடிக்க காம்ப பாருங்க போதும். காம்பு கட்டையாட்டம் கெட்டியா, முனை முனையா கோடு இருந்து, காயோட சேர்ற இடத்துல விரியாம நேரா நின்னா பெப்போ, ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்குற ஆரஞ்சு பூசணியும் அந்த உள்ளங்கை சைஸ் அலங்கார காயும் இதுதான். காம்பு தடியா உருண்டையா தக்கையாட்டம் மெத்துனு இருந்தா மேக்ஸிமா, ராட்சச பூசணி எல்லாம் இது. காம்பு அஞ்சு பட்டையா, காயில சேர்ற இடத்துல கோழிக்கால் மாதிரி விரிஞ்சு புடிச்சிருந்தா மொஸ்கேட்டா, நம்ம பறங்கி. அமெரிக்காவுல பம்ப்கின் பைங்குற இனிப்பு செய்ய டப்பாவுல அடைச்சு விக்கிறது பெரும்பாலும் டிக்கின்சன்னு ஒரு ரகம், அதுவும் மொஸ்கேட்டாதான், அதாவது வாசல்ல ஆரஞ்சு பெப்போவ வெச்சு கும்புடுறான், வாயில போட்டுக்குறது நம்ம பறங்கியோட பங்காளிய.

வெண்பூசணி இந்த மூணுலயும் சேராது, அது ஆசியாவோடது, குடும்பம் ஒன்னுதான் ஆனா தனி பேரினம். சுரைக்காய் அதவிட விசேஷம், பிறந்தது ஆப்பிரிக்கா, ஆனா கொலம்பஸ் போறதுக்கு பல ஆயிரம் வருஷம் முன்னாடியே அமெரிக்காவுல இருந்திருக்கு. எப்படின்னா ஓடு காஞ்சு கடல்ல மெதந்தே போயிருக்குன்னு 2014ல டிஎன்ஏ பாத்து சொன்னாங்க. கடல் தாண்டியும் உள்ள விதை சாகலன்னா அந்த ஓடு எப்பேர்ப்பட்ட ஓடுன்னு பாருங்க.

இப்ப அந்த போட்டோவுல இருக்குற ஆளுங்கள ஒவ்வொருத்தரா சொல்றேன், ஏன்னா இதுதான் எனக்கு புடிச்ச பகுதி.

வெளிர் ரோஸ் கலர்ல, மேல முழுக்க வேர்க்கடலைய ஒட்ட வெச்ச மாதிரி ஒன்னு பாத்திருப்பீங்க, அது பிரான்ஸ்ல போர்தோ பக்கத்துல எசீன்னு ஒரு ஊரோடது, மேக்ஸிமா சாதி. பழுக்க பழுக்க தோலுக்கு அடியில சர்க்கரை சேர்ந்து அதுதான் மருவா வெளிய தள்ளுதுன்னு வளக்குறவங்க சொல்வாங்க, மரு ஜாஸ்தியான காய்தான் இனிப்புன்னு தேடி எடுப்பாங்க. நம்ம மண்டியில இது வந்தா நோய் புடிச்ச காய்னு மாட்டுக்கு போயிருக்கும். அடுத்து சாம்பல் நீலத்துல, பட்டை பட்டையா பள்ளம் விழுந்து சிம்மாசனம் மாதிரி ஒன்னு, அது ஜாராடேல், மேற்கு ஆஸ்திரேலியாவுல அந்த பேருல ஒரு ஊரு. வெட்டுனா உள்ள நல்ல ஆரஞ்சு, வெளிய நீலம், ஒரே காயில இப்படி ரெண்டு பக்கம் வெச்சிருக்குறத மொத தடவ வெட்டி பாத்தப்ப என் பொண்ணு கைதட்டுனா. செக்கச்செவேல்னு தட்டையா அமுக்கி விட்ட மாதிரி இருக்குறது பாரிஸ் பக்கத்து எதாம்ப் ஊரு ரகம், சிண்ட்ரெல்லா பூசணின்னு கடைக்காரங்க பேரு வெச்சு விக்கிறாங்க. இத்தாலியில வெனிஸ் பக்கம் கியோஜான்னு ஒரு துறைமுகம், அங்கத்துது கரும்பச்சையில மேடு மேடா தவளை முதுகு மாதிரி இருக்கும், பாக்கத்தான் அசிங்கம், ருசி பிரமாதம்பாங்க.

தலப்பா பூசணின்னு நான் கூப்புடுறது டர்க்ஸ் டர்பன். கீழ ஒரு ஆரஞ்சு தட்டு, அதுக்கு மேல வெள்ளையும் பச்சையும் சிவப்பும் கலந்த ஒரு குமிழ், ரெண்டு காய ஒட்ட வெச்ச மாதிரி. அது ஏன் அப்படின்னா, பூவோட அடிக்கிண்ணம் இருக்கே, சாதாரணமா அது வளந்து காய முழுசா மூடிக்கும், வெளித்தோலா நாம பாக்குறது அந்த கிண்ணத்தோட சதையும் சேந்துதான். இந்த ரகத்துல கிண்ணம் பாதியோட நின்னுடுது, உள்ள இருக்குற சூலகம் மேல பிதுங்கி வெளிய வந்துடுது, அதனால கீழ ஒரு தோல் மேல ஒரு தோல். குறைன்னு பாத்தா குறைதான், அத ஒருத்தன் பாத்து ரசிச்சு விதை எடுத்து வெச்சதாலதான் இன்னிக்கு ரகமா நிக்குது. மருவும் அப்படித்தான், பெப்போவுல மரு ஒரே ஒரு மரபணுவால வருது, அப்பா அம்மா ரெண்டுல ஒன்னுக்கு இருந்தாலும் புள்ளைக்கு வந்துடும். பாதி மஞ்சள் பாதி பச்சைன்னு கோடு கிழிச்ச மாதிரி பிரியுற சின்ன காய்ங்கள்ளயும் சீக்கிரமே மஞ்சளாக சொல்ற ஒரு மரபணு இருக்கு, அது காயோட ஒரு பாதியில வேலை செஞ்சு மறுபாதியில சும்மா இருந்தா அந்த ரெண்டு கலர். அதனாலதான் ஒரே கொடியில பறிச்ச பத்து காயும் பத்து மாதிரி இருக்கு.

ராட்சச பூசணி எனக்கு அவ்வளவா புடிக்காது, சுருக்கமா சொல்லிடுறேன். கனடாவுல நோவா ஸ்கோஷியாவுல ஹோவர்ட் டில்னு ஒரு விவசாயி உண்டாக்குன அட்லாண்டிக் ஜயன்ட் ரகம்தான் எல்லா போட்டியிலயும் ஜெயிக்கும், 2023ல கலிஃபோர்னியாவுல ஹாஃப் மூன் பேங்குற ஊர்ல நடந்த எடை போட்டியில ட்ராவிஸ் கிங்கர் கொண்டு வந்த காய் 1,247 கிலோ. ஒரு சின்ன காரோட எடைய விட ஜாஸ்தி. ஆனா அதுல அழகு ஒன்னும் இல்ல, தன் எடையிலயே சரிஞ்சு மாவு மூட்டை மாதிரி படுத்திருக்கும்.

இதெல்லாம் சொல்லிட்டு நம்ம ஊர விட்டா தப்பு. நமக்கு இந்த ரசனை இல்லன்னு சில பேரு பேசுவாங்க, எனக்கு கோவமா வரும். திருஷ்டி பூசணின்னா என்ன? வெண்பூசணியில கண்ணு, கோரப்பல்லு, மீசை எல்லாம் வரைஞ்சு புது வீட்டு முன்னாடி தொங்க விடுறோமே. அயர்லாந்துல டர்னிப் கிழங்க குடைஞ்சு பேய ஓட்ட முகம் செதுக்கி வெளக்கு வெச்சான், அமெரிக்கா போனதும் பூசணி பெருசா சுலபமா இருக்குன்னு அதுக்கு மாறிட்டான். ரெண்டு பேரும் கெட்டத வெரட்ட ஒரு காயிக்கு பயமுறுத்துற முகம் வெச்சிருக்கோம், யாரையும் பாத்து யாரும் காப்பியடிக்கல. ஆயுத பூஜை அன்னிக்கு ஓசூர்ல சாயங்காலம் ரோட்டுல போயி பாருங்க, ஒவ்வொரு பட்டறை வாசல்லயும் கம்பெனி கேட்லயும் குங்குமம் தடவுன வெண்பூசணி ஒடைஞ்சு கெடக்கும், வண்டியில போறவங்க மட்டும் கொஞ்சம் பாத்து போங்க, நான் ஒரு தடவ வழுக்கி முட்டிய பேத்துக்கிட்டேன், திருஷ்டி யாருக்கு கழிஞ்சுதோ தெரியல. அந்த காய் மேல சாம்பல் பூசின மாதிரி இருக்குறது மெழுகுங்க, முத்துனப்புறம் தானா சுரக்குது, தண்ணி உள்ள இருந்து போகாம கிருமி வெளிய இருந்து வராம காக்குது, அதனாலதான் மாசக்கணக்குல கெடாம கெடக்கு.

மார்கழியில கோலத்து நடுவுல சாணி உருண்டையில பூசணிப்பூ குத்துறது இன்னொன்னு. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எங்க ஆயா அடியில குட்டி காய் இல்லாத பூவா பாத்துதான் பறிக்கும், அது ஆண் பூ. கொடியில ஆண் பூதான் முதல்ல வரும், எண்ணிக்கையிலயும் ஜாஸ்தி, தேனீக்கு நாலு விட்டுட்டு மிச்சத்த பறிச்சா காய்க்கு நஷ்டமே இல்ல. வாசலும் நிறைஞ்சுது கொல்லையும் நிறைஞ்சுது.

சுரைக்குடுக்கைய எத்தனை பேரு பாத்திருக்கீங்கன்னு தெரியல. எங்க வீட்டுல ராகி விதை, அவரை விதை எல்லாம் குடுக்கையிலதான் இருந்துச்சு, நீச்சல் கத்துக்க முதுகுல கட்டி கெணத்துல எறக்கி விடுவாங்க. மகுடி அதுல, வீணையோட கழுத்துக்கு கீழ இருக்குற சின்ன குடம் அதுல, மகாராஷ்டிரால மிரஜ்ல தம்புரா சிதார் செய்ய பெரிய சுரையா பாத்து வாங்குறாங்க, சத்தீஸ்கர் பஸ்தர்ல சூடு பண்ண கத்தியால கோலம் போட்டு வெளக்கு செய்யுறாங்க. சீனாவுல அரண்மனை காலத்துலயே பிஞ்சு சுரைய அச்சுக்குள்ள விட்டு வளத்து, உருவம் பதிஞ்ச ஓட்ட சுவர்க்கோழிப் பூச்சி வெக்குற கூடா பண்ணிருக்கான். நம்மாளு அச்சு வெக்கல, ஆனா பொடலங்கா நேரா வளரட்டும்னு நுனியில கல்ல கட்டி தொங்க விடுறானே. கல்ல கட்டாம விட்டு பாருங்க, பாம்பு, வளையல், கொக்கின்னு வித விதமா சுருண்டு நிக்கும்.

அப்ப எங்க போச்சு அந்த வகையெல்லாம்னா, லாரியில போச்சு. மண்டிக்காரர் கேக்குறது ஒரே சைஸ், ஒரே கலர், அடுக்குனா ஆடாத காய். கழுத்து நீண்டது, ஒரு பக்கம் சப்பையானது, பச்சையும் மஞ்சளும் திட்டு திட்டா இருக்குறது எல்லாம் ஓரமா தள்ளி வெப்பாங்க. தள்ளி வெச்ச குவியல்தான் நம்ம அலங்கார பூசணி. கடுகு போன எடத்த ஆராய்வான் பூசணிக்கா போன எடம் தெரியாதுன்னு சொல்லுவாங்களே, அது இந்த விஷயத்துல நெசமாவே நடந்துடுச்சு. போச்சம்பள்ளி சந்தைக்கோ ராயக்கோட்டைக்கோ புரட்டாசி கடைசி, ஐப்பசியில போனா காய் குவியல விட்டுட்டு அந்த ஓரத்த பாருங்க, 300 ரூபா காய் அங்க 20 ரூபாவுக்கு கெடக்கும்.

இனி சமைக்கலாமாங்குற கேள்வி. இத கொஞ்சம் கவனமா படிங்க. அலங்காரத்துக்குன்னு விக்கிற அந்த சின்ன பெப்போ காய திங்காதீங்க. காட்டு பூசணி எல்லாமே ஆதியில கடுங்கசப்பு, குக்கர்பிட்டசின்னு ஒரு பொருள், அந்த காலத்துல மாஸ்டோடான்னு யானை மாதிரி ஒரு பெரிய மிருகம்தான் தின்னு விதைய பரப்பியிருக்கு, அதோட பழைய சாணத்துல விதை கெடச்சிருக்கு. மனுஷன் கசப்பில்லாதத பாத்து பாத்து பொறுக்கி எடுத்ததுதான் சாப்பாட்டு பூசணி. அலங்கார ரகத்துல யாரும் ருசிய பாத்து பொறுக்கல, தோல மட்டும் பாத்தாங்க, அதனால கசப்பு அப்படியே தங்கிடுச்சு. வேக வெச்சாலும் போகாது. வாந்தி, வயித்துப்போக்கு, ரத்தமா போறது வரைக்கும் போகும். 2015ல ஜெர்மனியில ஒரு பெரியவர் வீட்டு தோட்டத்து கசப்பு சுக்கினிய (வெள்ளரிக்கா மாதிரி நீளமா இருக்குற பெப்போ காய்) சமைச்சு சாப்ட்டு இறந்தே போயிட்டார். நம்ம நாட்டுலயும் கசந்த சுரைக்கா ஜூஸ் குடிச்சு உயிர் போயிருக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நிபுணர் குழு போட்டு கசந்தா குடிக்கவே குடிக்காதீங்கன்னு சொன்னாங்க. எங்க ஆயா சுரைக்காய வெட்டுனதும் நுனியில துளி எடுத்து நாக்குல வெச்சு பாத்து துப்பிட்டுதான் சட்டியில போடும், அந்த பழக்கத்த விடாதீங்க.

இதோட ஒட்டுன இன்னொரு ஆபத்து, அலங்கார பெப்போவையும் சாப்பாட்டு சுக்கினியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா தேனீ கலப்பு பண்ணிடும். இந்த வருஷ காய்க்கு ஒன்னும் ஆகாது, அது தாய்க்கொடியோட சதை. ஆனா அந்த விதைய எடுத்து அடுத்த வருஷம் ஊனுனா பாக்க சுக்கினி மாதிரியே இருக்குற கசப்பு காய் வரலாம். பறங்கி மொஸ்கேட்டா, அதோட பெப்போ அவ்வளவு சுலபமா சேராது, சுரையோட சேரவே சேராது, அந்த பயம் வேணாம். எசீன் மரு பூசணி, ஜாராடேல், எதாம்ப் எல்லாம் தாராளமா சாப்பிடலாம், அதெல்லாம் சமையலுக்குன்னே வளத்த ரகம்.

வளருமான்னு கேட்டீங்க. ஓசூர், தளி பக்கம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அதனாலதான ரோஸ் வளருது, தளிய வெள்ளக்காரன் குட்டி இங்கிலாந்துன்னான். அங்க பெப்போவும் மேக்ஸிமாவும் வரும். ராயக்கோட்டை நடுவுல, கொஞ்சம் கஷ்டப்பட்டா வரும். தர்மபுரி, காவேரிப்பட்டணம் சமவெளிக்கு எறங்குனா பெப்போ பாடாய் படுத்தும், நான் அனுபவிச்சவன். மொத வருஷம் எங்க பாலக்கோடு நிலத்துல மாசியில ஊனுனேன், வெயில் ஏற ஏற ஆண் பூவா தள்ளுச்சு, வெள்ளை ஈ வந்துச்சு, பின்னாடியே மொசைக் வைரஸ், இலை மஞ்சளும் பச்சையுமா அழகா கலர் ஆச்சு, காய்தான் ஆகல. ரெண்டாம் வருஷம் ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட இருபது ரகம் கலந்த விதைன்னு வாங்குனேன், மொளைச்சதெல்லாம் ஒரே ரக சாதா பறங்கி, போன் பண்ணா எடுக்கல. மூணாவது வருஷம் தேன்கனிக்கோட்டையில தெரிஞ்ச கன்னடக்கார அண்ணன் ஒருத்தர் கால் காணி இடம் குடுத்தார், அங்கதான் மொத தலப்பா பூசணிய கண்ணால பாத்தேன்.

பட்டம் விஷயத்துல அவங்க அக்டோபர மறந்துடுங்க. ஆடியில ஊனுனா காய் முத்துற நேரத்துல ஐப்பசி மழை அடிக்கும், மண்ணுல கெடக்குற பக்கம் அழுகும், அடிச்சாம்பல் நோய் வரும். பறங்கி தாங்கும், இந்த சீமை ரகம் தாங்காது. நான் வைகாசி கடைசியில ஊனுறேன், புரட்டாசி பொறக்குறதுக்குள்ள காய் கையில இருக்கும், சரியா நவராத்திரி கொலுவுக்கு. கொலுப்படிக்கு பக்கத்துல பார்க் வெப்பாங்களே, அதுல பொம்மை மரத்துக்கு பதிலா இந்த சின்ன காய்ங்கள அடுக்கி பாருங்க, பக்கத்து வீட்டு பொம்பளைங்க சுண்டல மறந்துட்டு எங்க வாங்குனீங்கன்னு கேப்பாங்க. இன்னொரு பட்டம் கார்த்திகை கடைசி, மழை விட்டப்புறம், பங்குனியில காய், தோல் நல்லா கெட்டியா காயும்.

குழிக்கு குழி ரெண்டு பக்கமும் ரெண்டு மீட்டர் இடைவெளி, தொழு உரம் தாராளமா, குழிக்கு அஞ்சு விதை போட்டு நல்லா வந்த ரெண்ட விடுங்க. சின்ன காய் ரகத்த பந்தல்ல ஏத்துனா தோல்ல மண் கறை விழாது, வடிவமும் கெடாது. முதல் பத்து நாள் ஆண் பூவா வரும், காயே புடிக்கலன்னு யூரியாவ கொட்டிடாதீங்க, கொட்டுனா இலைதான் வரும். காலைல எட்டு மணிக்குள்ள ஆண் பூவ பறிச்சு பெண் பூவுல தடவி விட்டா உறுதி. செவப்பு வண்டு நாத்துலயே இலைய ஓட்டை போடும், பழ ஈ பிஞ்சுல ஊசி போடும், ஊசி போட்ட எடம் கோணிக்கும், அந்த கோணல அழகுன்னு நெனச்சு வெச்சுடாதீங்க, உள்ள புழு. இதெல்லாம் வேணாம், நம்ம வெயிலுக்கு தாங்குறதா, சாப்பிடவும் பாக்கவும் ஒன்னு வேணும்னா பெங்களூர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட அர்க்கா சூர்யமுகி இருக்கு, ஒரு கிலோ சைஸ், தட்டையான உருண்டை, ஆரஞ்சுல வெண்ணெய் கலர் கோடு, பழ ஈயவும் தாங்கும். வாசல்ல வெச்சா பிரான்ஸ் காயின்னு சொல்லி ஏமாத்தலாம்.

பறிக்கிறப்ப நகத்தால அழுத்தி பாருங்க, நகம் எறங்குச்சுன்னா இன்னும் விடணும். காம்பு ரெண்டு மூணு இஞ்சு விட்டு கத்தரியால வெட்டணும், காம்ப புடிச்சு தூக்கக்கூடாது. சின்ன பெப்போ காய் மூணு நாலு மாசம் கலர் நிக்கும், அப்புறம் வெளிறும், வார்னிஷ் அடிச்சா நிக்கும்பாங்க, எனக்கு அந்த பளபளப்பு புடிக்கல. சுரைன்னா காத்தாட தொங்க விடுங்க, தோல்ல பூஞ்சை புடிச்சு கருப்பா அசிங்கமா ஆகும், அழுகிடுச்சுன்னு தூக்கி போட்டுடாதீங்க, அப்படித்தான் காயும். நாலஞ்சு மாசம் கழிச்சு ஆட்டுனா உள்ள விதை கலகலன்னு சத்தம் வரும், அப்ப ஊறவெச்சு தேங்கா நாரால தேச்சா உள்ள இருந்து மரக்கலர்ல ஓடு வரும்.

விதை இருந்தா குடுங்கன்னும் கேட்டிருந்தீங்க. தலப்பா விதை ஒரு கைப்பிடி இருக்கு, தர்றேன். ராயக்கோட்டையில போன ஐப்பசியில தள்ளி வெச்ச குவியல்ல ஒரு பறங்கி எடுத்தேன், அன்னப்பறவை கழுத்து மாதிரி வளைஞ்சு, பாதி பச்சை பாதி செம்மண் கலர், மூணு நாலு மரு. இப்ப வைகாசி, இன்னும் டிவி பக்கத்துல உக்காந்திருக்கு, வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஒரு தடவ தட்டி பாத்துட்டுத்தான் உக்கார்றாங்க. அதோட விதைதான் நீங்க கேக்குற நிலத்துக்கு சரியா வரும், ஆனா வெட்டணும், கொழம்பு வெக்கலாம்னு வீட்டுல ரெண்டு தடவ கத்திய எடுத்துட்டு வந்து பாத்துட்டு திரும்ப வெச்சுட்டாங்க. வெட்டுன அன்னிக்கு சொல்றேன்.